பதினொன்றாவது படம்

குளியலறையைப் படம் எடுப்பதுதான் எங்கள் தொழிலில் சிரமமானது. நிற்க இடம் இருக்காது, கண்ணாடியில் நம் முகமே விழும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாளி இடிக்கும். நான் முதலில் வாளியை வெளியே வைப்பேன். கழிப்பறை மூடியைச் சாத்துவேன். பிறகு கதவுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து, இடுப்பு உயரத்தில் கேமராவைப் பிடிப்பேன். அப்படி எடுத்தால் நாலுக்கு ஆறு அறையில்கூட ஆள் படுத்துப் புரளலாம் போலத் தெரியும். அந்த வீட்டில் உங்கள் ஆட்கள் எடுத்த படங்களை இந்த மேசையில் பார்த்தேன். நின்றுகொண்டே எடுத்திருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை, உங்கள் வேலை வேறு.

எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் சொல்கிறேன். டீச்சருடைய மகள் காலையில் குளிக்கப் போய் உயிரோடு வெளியே வராததற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று போன தடவை கேட்டீர்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஃபோட்டோ எடுக்கிறவன்" என்று சொன்னேன். அதில் பின்பாதி உண்மை.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் பதினாறு வருடமாகப் படம் எடுத்துக் கொடுக்கிறேன், ஒரே புரோக்கருக்கு. அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவரைப் போலத் திட்டுவார். வீட்டுக்குப் பதினொரு படம் என்பது அவர் கணக்கு. வாசலில் தொடங்கிக் குளியலறையில் முடியும். எடுத்ததைக் கணினியில் போட்டுச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. ஓதம் ஏறிய கறை, சுவர் வெடிப்பு, ஆணி அடித்த ஓட்டை, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, ஜன்னலை மறித்துப் போகும் மின்கம்பி எல்லாம் போய்விடும். வானம் மங்கலாக இருந்தால் வேறு வானம் போடுவேன். என்னிடம் ஒரு நல்ல மேகம் இருக்கிறது. நாற்பது வீடுகளுக்கு மேல் அது நின்றிருக்கிறது, ஒரு வீட்டிலும் மழை பெய்ததில்லை. இதைப் பொய் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விருந்தாளி வருகிறார் என்றால் நாற்காலியில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளறையில் எறிவதில்லையா. அவ்வளவுதான்.

டீச்சரை முதலில் பார்த்தது போன வருடம், வேறொரு வீட்டைப் பார்க்க வந்தபோது. பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். கணவர் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. மகளும் டீச்சரின் தம்பியும் கூட வந்திருந்தார்கள். மற்றவர்கள் வீடு பார்க்க வந்தால் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். இவர் எங்கள் பதினொரு படங்களையும் அச்சடித்துக் கையில் கொண்டுவந்திருந்தார். அறை அறையாகப் போய், படத்தைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் பார்த்து, ஒத்துப்போனால் சிவப்புப் பேனாவால் ஒரு டிக், போகாவிட்டால் ஒரு தப்பு. விடைத்தாள் திருத்துகிற மாதிரியே.

படுக்கையறை ஜன்னலில் நான் ஒரு மரம் வைத்திருந்தேன். உண்மையில் அங்கே அடுத்த கட்டடத்தின் சுவர்தான் இருந்தது.

"சார், இந்த மரம் எங்க?" என்று கேட்டார்.

அண்ணன் வாய் சும்மா இருக்காது. "இப்ப இலை கொட்டுற நேரம் மேடம்" என்றார்.

"இலை கொட்டும் சார். மரமே கொட்டுமா?"

வீடு பார்க்க வந்திருந்த இன்னொரு தம்பதி சிரித்தார்கள். காவலாளி சிரித்தார். படம் எடுத்தது யார் என்று டீச்சர் கேட்டார். அண்ணன் கொஞ்சமும் தயங்காமல் என்னைக் காட்டிவிட்டார். டீச்சர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நீங்க ஃபோட்டோ எடுக்கிறவரா, சுண்ணாம்பு அடிக்கிறவரா?"

பிறகு கட்டின் முதல் தாளில் பதினொன்றுக்கு நாலு என்று மதிப்பெண் போட்டு, சுழித்து, என் கையில் கொடுத்தார். "அடுத்த தடவ நல்லாப் படிச்சிட்டு வாங்க" என்றார். எல்லோரையும்விட அந்தக் குழந்தைதான் சத்தமாகச் சிரித்தாள். அப்போது அவளுக்கு முன்பல் இரண்டும் இருந்தன.

அன்று முதல் அலுவலகத்தில் என் பெயர் சுண்ணாம்பு. "சுண்ணாம்பு, மூணாவது மாடி படம் முடிஞ்சுதா?" "சுண்ணாம்பு, டீ ஆறுது." அண்ணன் வாடிக்கையாளர்கள் முன்னாலும் அப்படியே கூப்பிட்டார். இரண்டே வாரத்தில் அது என் வீட்டுக்கும் வந்துவிட்டது. அண்ணனுடைய மனைவி என் மனைவியிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் மதியம் என் மனைவி அடுப்படியிலிருந்து "என்ன சுண்ணாம்பு, சாப்பிட வரலயா?" என்று கூப்பிட்டாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் தனியாகச் சாப்பிடுவது வேலை அதிகமாகிவிட்டதால்தான்.

பெயரை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் டீச்சர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. படமும் வீடும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பதினாறு வருடமாக நான் படத்தையே மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் போய், இனிமேல் வீட்டை மாற்றலாம் என்றேன்.

"நல்லாச் சொன்ன போ. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேலைய விட்டுட்டு, பூசணிக்காயவே வெட்டிருவோம்ங்கிற" என்றார் அண்ணன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் முதலில் சுத்தம் செய்த படத்தை அச்சடித்து அந்தந்த அறைக் கதவில் ஒட்டிவிடுவேன். கொத்தனாரும் பெயிண்டரும் வந்து, அறை அந்தப் படத்தைப் போல ஆகும் வரை வேலை செய்வார்கள். கறை இல்லாத படம் என்றால் கறை இல்லாத சுவர். வெடிப்பு இல்லாத படம் என்றால் வெடிப்புக்கு மேல் பூச்சு. உள்ளே வெடிப்பு இருக்கும், அது அவர்கள் கவலை இல்லை. இதற்குப் படப்படி வேலை என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் ஒரு புகார் கிடையாது. என் படங்களைப் போல உண்மையான படங்கள் இந்தத் தொழிலில் வேறு யாரிடமும் இல்லை என்று நான் தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது அந்த வீடு. நாலாவது மாடி, இரண்டு படுக்கையறை, நல்ல வெளிச்சம். குளியலறை மட்டும் வீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் கேஸில் எரியும் பழைய வெந்நீர் ஹீட்டர். அதன் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் கிளம்பி, கூரைக்குக் கீழே ஒரு ஓட்டை வழியாக, கட்டடத்துக்கு நடுவில் காற்றுக்கு விட்டிருக்கும் கூண்டுக்குள் போகும். ஓட்டையைச் சுற்றிப் புகைக்கரி. பார்க்க நன்றாக இல்லை. முதலில் கரியை எடுத்தேன். பிறகு குழாயை எடுத்தேன். குழாய் போன பிறகு ஓட்டை தனியாக விழித்துக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தேன். வெள்ளை டைல்ஸ் கீழிருந்து மேல் வரை ஒரே சீராக வந்தது. முன்பு உங்களிடம் சொன்னது இதைத்தான். அழகுக்காகச் செய்தேன், பின்விளைவு தெரியாது என்றேன்.

கொத்தனார் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கதவில் ஒட்டியிருந்த படத்தையும் சுவரையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இங்க ஒரு ஓட்டை இருக்கு. குழாய் ஒண்ணு வெளிய போகுது."

"படத்துல இருக்கா?"

"படத்துல இல்ல."

"அப்புறம் என்ன?"

"இல்ல சார், எதுக்கு வச்சிருக்காங்கன்னு பிளம்பர ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவர் வேலை முடிஞ்சு போயாச்சு. நீங்க படப்படி செய்யுங்க."

அவர் சொன்னதைச் செய்கிற மனிதர். அவர்மேல் ஒன்றும் எழுதாதீர்கள். குழாயைக் கழற்றினார், ஓட்டையில் செங்கல் வைத்துப் பூசினார், மேலே டைல்ஸ் ஒட்டினார். நகத்தால் கீறிப் பார்த்தாலும் இடம் தெரியாது. நல்ல கை.

பிளம்பரை ஏன் கேட்கவிடவில்லை என்றால், நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நான் அந்த அறையைப் படம் எடுத்த அன்று அவர் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தால் விடாத மனிதர். "இதுதான் சார் இந்த ரூமுக்கு மூக்கு" என்று அந்த ஓட்டையைக் காட்டினார். "ஹீட்டர் எரியுற புகை இதுவழியாத்தான் போகணும். இத அடைச்சா வாசனைகூட வராது. உள்ள குளிக்கிறவங்க அப்படியே சாஞ்சிருவாங்க, சத்தம்கூடப் போட முடியாது." நான் அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னேன். அவர் நிழல் படத்தில் விழுந்துகொண்டிருந்தது.

டீச்சர் அந்த வீட்டைப் பார்க்க வந்தார். அதே தம்பி, அதே மகள், கையில் பதினொரு படம், சிவப்புப் பேனா. வாசலில் டிக். கூடத்தில் டிக். படத்தில் படுக்கையறை ஜன்னலில் ஒரு மரம் இருந்தது. எட்டிப் பார்த்தார், வெளியே நிஜமாகவே மரம் இருந்தது. டிக். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மதிப்பெண் வாங்கப்போகிற பையனைப் போல நான் அவர் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் குளியலறை. குழந்தைக்கு இப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்த இடைவெளி வழியாக எனக்கு ஒரு விசில் அடித்துக் காட்டினாள். ஒரு பல் இருந்தவரை அது வராதாம். பிறகு அண்ணாந்து பார்த்து, "அம்மா, இங்க ஜன்னலே இல்ல" என்றாள்.

டீச்சரும் பார்த்தார். "ஆமாம்ல. காத்தோட்டத்துக்கு என்ன வழி?" கேட்டது அண்ணனை அல்ல, என்னை.

"படத்துல எப்படி இருக்கோ அப்படியேதான் டீச்சர் இருக்கு. ஒண்ணும் மாத்தல."

நான் பொய் சொல்லவில்லை. அவர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒரு டைல்ஸ்கூட வித்தியாசம் இல்லை. டிக் போட்டார். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஹீட்டரை எரியவைத்துக் காட்டினேன். குழந்தை கையை நீட்டி, "சுடுது, சுடுது" என்று துள்ளினாள். கதவு திறந்திருந்தது, ஒரு நிமிடம்தான் எரியவிட்டேன்.

வெளியே வந்து முதல் தாளில் பதினொன்றுக்குப் பதினொன்று என்று எழுதிச் சுழித்தார். அதை என்னிடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் வாசலில் நின்று, மற்றவர்கள் முன்னாலேயே சொன்னார்:

"அன்னிக்கு நான் உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வகுப்புல பேசிப் பேசி வாய் அப்படியே பழகிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"மனசுல என்ன டீச்சர் இருக்கு" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும், கொத்தனாருக்கு அரை நாள் வேலை. யோசிக்காமல் இல்லை. அவர்கள் மூன்று பேரும் படியிறங்கி முடிக்கும் வரை யோசித்தேன். சொன்னால் பதினொன்று பத்தாகிவிடும்.

அவர்கள் குடிவந்தது வெயில் காலத்தின் கடைசியில். வெந்நீர் தேவைப்படாத நாட்கள். நான் போனில் வானிலை பார்க்கப் பழகினேன். அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை, என்னிடம் வானம் கைவசம் இருந்ததால். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன்: எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறவர் அந்த அறைக்குள் நிற்கிறார், அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. யாரும் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. நடக்கும்போது நடக்கட்டும் என்றுதான் இருந்தேன். இருபத்துமூன்றாவது நாள், ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் காலை நல்ல குளிர்.

மற்றது உங்கள் தாளில் இருக்கிறது. பெரிய பிள்ளை ஆகிவிட்டேன், நானே குளிப்பேன் என்று குழந்தை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். டீச்சர் "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுடி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கதவைத் தட்டினார். தம்பி கதவை உடைத்தபோது தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் எனக்குப் போன் செய்தபோது நான் ஒரு சமையலறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன், வெளிச்சம் போய்விட்டால் திரும்ப வராது.

ஹீட்டர் பழசு, விபத்து என்று உங்கள் ஆட்கள் முதலில் எழுதினார்கள். அத்தோடு முடிந்திருக்கும். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருகிறோம், நம்ம ஆளே செய்வான் என்று டீச்சரின் தம்பியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். தம்பி போனிலிருந்து ஒரு படம் அனுப்பினார். ஊஞ்சலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். நல்ல படம். பின்னால் நின்ற ஆளை எடுத்தேன், முகத்தில் விழுந்த கயிற்று நிழலை எடுத்தேன். பிறகு அந்தப் பல். சுவரில் மாட்டிக் காலமெல்லாம் பார்க்கப்போகிற முகத்தில் இருட்டாக ஒரு ஓட்டை இருந்தால் நன்றாகவா இருக்கும். கீழ்ப்பல்லைப் பார்த்து அளவு எடுத்து, மேலே இரண்டு பல் வைத்தேன். உதட்டின் நிழல் பல்மேல் சரியாக விழுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிழலை விட்டிருப்பார்கள்.

நானே எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்த இரண்டு பற்களைத் தொட்டார்.

"இது என் பொண்ணு இல்லயே. இந்தப் பல்லு விழுந்து எத்தன மாசம் ஆச்சு. டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்."

"ஓட்டையா இருந்துச்சு டீச்சர். பார்க்க நல்லா இல்ல, அதான் அடைச்சேன்."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே பார்வை. "வேற எத அடைச்சீங்க?" என்றார்.

அவர் எழுந்து குளியலறைக்குள் போனார். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தம்பிக்கும் சத்தம் கேட்டது. டைல்ஸை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போகிறார். ஹீட்டருக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது. அங்கேயே திரும்பத் திரும்பத் தட்டினார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுச் சுத்தியல் கேட்டார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை, செங்கல் விழும் சத்தம் மட்டும் படி வரைக்கும் கேட்டது.

என் கணினியை எடுத்துப் போயிருக்கிறீர்கள். எந்தப் படத்தையும் அழிக்கவில்லை, பாருங்கள். பதினொன்றாவது படத்தில் இரண்டு தேதி இருக்கும். திங்கட்கிழமை நான் அதை முடித்தபோது கரியை மட்டும்தான் எடுத்திருந்தேன். குழாயும் ஓட்டையும் இருந்தன. பிளம்பர் சொன்னது ஞாபகம் இருந்ததால் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். வியாழக்கிழமை அண்ணன் போன் செய்தார். "சுண்ணாம்பு, அந்த டீச்சரம்மா திரும்ப வீடு தேடுறாங்களாம். இந்த வீட்டக் காட்டப்போறேன். ஒரு தப்பு வரக்கூடாது" என்றார். போனை வைத்ததும் பதினொன்றாவது படத்தைத் திறந்தேன். மற்ற பத்தைத் தொடவில்லை. அந்தக் குழாயையும் ஓட்டையையும் அன்றுதான் எடுத்தேன். தெரிந்தே செய்தேன், அவர் வருகிறார் என்பதற்காகவே செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. மேலே என் பெயருக்குப் பக்கத்தில் "என்கிற சுண்ணாம்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் சொல்லியிருப்பார். அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரை நான் ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.